பாட்டிக் விற்று வாங்கிய நிலம்

எங்கள் மூன்று பேருக்கும் வீட்டில் வைத்த பெயர் உண்டு. ஆனால் 2010-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ட்ரெயினிங் பேட்ச்சில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். அதனால் எல்லோரையும் ஊர்ப்பெயரால் கூப்பிடும் பழக்கம் வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் அரியலூர். அவள் சிதம்பரம். அவன் போடி. நடுரோட்டில் ஒரு ஆம்பளையைப் பார்த்து "போடி, இங்க வா" என்று கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பன்னிரண்டு வருடமாக அதற்கு நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

மூவரும் இப்போது வேறு வேறு கம்பெனிகளில். வாட்ஸாப் குரூப் ஒன்று உண்டு. பிறந்தநாளுக்கு கேக் ஸ்டிக்கர், தீபாவளிக்கு மத்தாப்பு ஸ்டிக்கர், நடுவில் மீம்ஸ். 2023 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு போடி அதில் எழுதினான்: "நாளைக்கு எக்மோர் மியூசியம் போலாமா? அப்புறம் அப்படியே சோழமண்டலம் வரைக்கும்." பிரியாணி, கிரிக்கெட் தவிர வேறு எதற்கும் எங்களை அழைக்காதவன். சிதம்பரம் உடனே "யாருடா இது, போடி ஃபோனைத் திருடினது?" என்று கேட்டாள். நான் சிரிக்கும் ஸ்மைலி போட்டேன். ஆனால் போனோம்.

சென்னையின் நவீன ஓவியம் பற்றி நான் கொஞ்சம் வாசித்திருந்தேன். நடை, பாணி, இயக்கம் என்றுதான் அந்தக் கதை எனக்குத் தெரியும். அன்று ஒரே நாளில் மூன்று நான்கு இடங்களைப் பார்த்து முடித்தபோது அது எனக்கு வேறு ஒரு கதையாகத் தெரிந்தது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

*

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அதற்கு முதல் வருடம், 1850-இல், சென்னை கலைப்பள்ளி தொடங்கியது. முதலாவதற்குப் பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர். இரண்டாவதைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர். இருவரும் மருத்துவர்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ஒரு நகரத்துக்கு எதைப் பார்க்க வேண்டும், எதை வரையக் கற்க வேண்டும் என்று சொல்லித்தரும் இரண்டு நிறுவனங்களையும் நாடி பிடித்துப் பழகியவர்கள் தொடங்கியிருக்கிறார்கள்.

நுழைவுச்சீட்டு ஒரு டீ, வடைக் காசுதான். போடி டிக்கெட் எடுத்துவிட்டு, வழி கேட்காமல் நேராக நடந்தான். அமராவதிச் சிற்பங்கள் இருக்கும் கூடத்தில் நின்று, "இதுல பாதிதான்டா இங்க இருக்கு, மீதி லண்டன்ல" என்றான். உண்மைதான். வால்டர் எலியட் 1845-இல் அமராவதி ஸ்தூபியைத் தோண்டி எடுத்த கற்கள் சென்னைக்கு வந்தன. அவற்றில் பெரும்பகுதி 1859-இல் கப்பலேறி, இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும், இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். போர்டில் படித்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

செப்புத்திருமேனிகளின் கூடத்தில் குளுகுளுவென்று இருந்தது. திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் கூட்டம். போடி எங்களை அங்கே நிற்கவிடாமல் திருவெண்காட்டு அர்த்தநாரிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"எத்தனை கை இருக்கு, எண்ணு."

எண்ணினோம். மூன்று.

"ஆம்பளப் பக்கம் ரெண்டு கை. பொம்பளப் பக்கம் ஒண்ணு. பாதிப் பாதி உடம்பு, ஆனா கை மட்டும் பாதி இல்ல."

"வீட்டு வேலை மொத்தத்துக்கும் ஒரே கை குடுத்திருக்கான் பாரு" என்றாள் சிதம்பரம்.

பிறகு அவன் வார்ப்பு முறையை விளக்க ஆரம்பித்தான். முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். மேலே களிமண் பூசிக் காயவைப்பார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. ஒரு அச்சில் ஒன்றுதான். தப்பினால் மறுபடியும் மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். "பேக்கப் கிடையாது, ரோல்பேக் கிடையாது. நேரா ப்ரொடக்‌ஷன்" என்றான். நாங்கள் சிரித்தோம்.

அப்போது அந்தக் கூடத்தின் காவலாளி, ஐம்பது வயதிருக்கும், பக்கத்தில் வந்து போடியிடம் கேட்டார். "என்ன சார், இன்னிக்கு ஃப்ரெண்ட்ஸோட வந்திருக்கீங்களா?"

போடி "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த சிலைக்கு நகர்ந்தான். நானும் சிதம்பரமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருட நட்பில் எங்களுக்கு நன்றாகப் பழகியிருந்த காரியம் அதுதான்.

வெளியே வந்ததும் அந்த இளஞ்சிவப்புக் கட்டடம். விக்டோரியா நினைவு மண்டபமாகக் கட்டப்பட்டு, பிறகு தேசியக் கலைக்கூடமாக ஆனது. ஃபதேபூர் சிக்ரியின் பெரிய வாயிலை மனதில் வைத்து ஹென்றி இர்வின் வரைந்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். 1906-இல் அடிக்கல், 1909-இல் திறப்பு. கட்டடம் பலவீனமாகிவிட்டது என்று 2002-இல் மூடினார்கள். நாங்கள் போன அன்றும் கதவு சாத்தித்தான் இருந்தது. முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டோம். சென்னையில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நகரத்தின் மிக அழகான கலைக்கூடம் செல்ஃபிக்குப் பின்னணி மட்டும்தான்.

*

அங்கிருந்து கலைக்கல்லூரி பக்கம்தான். பெரியார் ஈ.வெ.ரா. சாலையில், பஸ்ஸில் நூறு முறை கடந்துபோயிருக்கும் செங்கல் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தோம். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹன்டர் தொடங்கிய பள்ளியின் நோக்கம் ஓவியர்களை உருவாக்குவது என்று சொல்ல முடியாது. மண்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை, வரைபடம் என்று தொழில் தெரிந்த கைகளை உருவாக்கத்தான் அரசு அதை ஏற்று நடத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் அலுமினிய அண்டாவின் பூர்வீகத்தில் ஒரு ஓவியக் கல்லூரியும் இருக்கிறது.

1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்தார். வங்காளி, அவனீந்திரநாத் தாகூரின் மாணவர், அந்தப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். அவர் காலத்தில்தான் அது உண்மையிலேயே ஓவியமும் சிற்பமும் பயிலும் இடமாக மாறியது. 1957 வரை இருந்தார். அவருக்குப் பிறகு முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பத்தைத் தாங்குவதற்காகப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனவர். கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது வருடம் 1936, வயது இருபத்தைந்து.

"தந்தி ஆபீஸ்னா நம்ம ஆளு" என்றாள் சிதம்பரம். "புள்ளி, கோடு. ஜீரோ, ஒண்ணு."

"வேலையை விட்டுட்டுப் படிக்கப் போயிருக்கான்" என்றான் போடி. அப்போது அவன் குரலில் ஏதோ இருந்தது. இப்போது யோசித்தால் தெரிகிறது. அப்போது நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்து அங்கேயே ஆசிரியரான பணிக்கர் 1944-இல் நண்பர்களுடனும் மாணவர்களுடனும் சேர்ந்து 'முற்போக்கு ஓவியர் சங்கம்' ஒன்றைத் தொடங்கினார். பம்பாயின் புகழ்பெற்ற முற்போக்குக் கலைஞர் குழு 1947-இல்தான் வருகிறது. சென்னை அதற்கு மூன்று வருடம் முந்தி. ஆனால் பம்பாய்க்காரர்களுக்கு லேடன், லாங்காமர், ஷ்லெசிங்கர் என்று நாஜிகளிடமிருந்து தப்பிவந்த ஐரோப்பியர்கள் தோள்கொடுத்தார்கள். எழுதினார்கள், வழிகாட்டினார்கள், ஓவியங்களை வாங்கினார்கள். சென்னையில் அப்படி வாங்குகிற கூட்டம் பெரிதாக இல்லை.

ஆகவே பிரச்சினை எளிமையானது. ஐந்தாறு வருடம் படித்து ஒரு பையன் வெளியே வருகிறான். நன்றாக வரைகிறான். வாங்க ஆளில்லை. சிலருக்கு நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளர் வேலை கிடைத்தது. ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் போன்றவர்கள் அங்கே இருந்தவர்கள். சிலர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆனார்கள். மற்றவர்கள் ஓவியத்தை விட்டார்கள். முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து பணிக்கர் வருடா வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மெரினா வழியாகப் போவோம் என்றது சிதம்பரம். உழைப்பாளர் சிலைக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டினோம்.

ராய் சௌத்ரியின் சிலை அது. 1959-இல் அங்கே வைக்கப்பட்டது. நான்கு பேர், ஒரு பாறை. இதே கடற்கரையில்தான் 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். இதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படித்தது. ஆனால் இறங்கிப் போய்ச் சுற்றி வந்தால் ஒன்று தெரிகிறது. நால்வரில் ஒருவரும் இன்னொருவரைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் உடம்பும் பாறைமேல். முதுகுத் தசை விடைத்திருக்கிறது, கால் மண்ணில் புதைகிறது. பக்கத்தில் இருப்பவன் களைத்துவிட்டானா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

"ஸ்ப்ரின்ட் முடியற நாள் மாதிரி இருக்கு" என்றேன். போடி சிரிக்கவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "கிளம்பலாம்" என்றான்.

*

ஈஞ்சம்பாக்கம் இன்று ஈ.சி.ஆர்-இல் ஒரு நெரிசலான இடம். ஹோட்டல்கள், பங்களாக்கள், ஃபர்னிச்சர் ஷோரூம்கள். 1966-இல் அது மணலும் சவுக்கும் பனையுமாக, மீனவர் குப்பங்களுக்கு நடுவில் கிடந்த இடம். மின்சாரம் இல்லை, ஒழுங்கான சாலை இல்லை. அங்கே ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலத்தை முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து வாங்கினார்கள். பெரும்பாலோர் இருபதுகளில், முப்பதுகளில் இருந்தவர்கள். ஒருவரிடமும் பணம் இல்லை.

எப்படி வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. 1960-களின் தொடக்கத்தில் பணிக்கர் தன் மாணவர்களைக் கூட்டி, கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார். யோசனை இதுதான்: ஓவியத்தை விற்று வாழ முடியாது, சரி. ஆனால் நீங்கள் படித்தது கலை மற்றும் கைவினைக் கல்லூரியில். துணியில் பாட்டிக் போடத் தெரியும், உலோகம் தட்டத் தெரியும், தோலில் வேலை செய்யத் தெரியும். அதைச் செய்து விற்போம். வயிற்றுப்பாட்டுக்குக் கைவினை, மீதி நேரத்தில் எவன் தயவும் இல்லாமல் ஓவியம்.

பாட்டிக்கை வைத்துக் கண்காட்சிகள் நடத்தினார்கள். ஓவியத்தைத் திரும்பிப் பார்க்காத சென்னை, பாட்டிக்கை வாங்கியது. வந்த காசில் ஒரு பங்கு சங்கத்துக்கு. அப்படிச் சேர்ந்ததுதான் நிலம் ஆனது. குடிசைகள் போட்டார்கள், கிணறு, பட்டறை, பிறகு வீடுகள், பாரதி பெயரில் ஒரு திறந்தவெளி அரங்கம். சோழர் கடற்கரையின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள்: சோழமண்டல ஓவியர் கிராமம்.

"பாட்டிக்னா அதுவும் மெழுகுதானே?" என்றான் போடி. ஆமாம். சாயம் ஏறக் கூடாத இடத்தில் சூடான மெழுகைத் தடவி, துணியைச் சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை எடுத்துவிடுவார்கள். காலையில் பார்த்த அர்த்தநாரியும் இந்தப் பத்து ஏக்கரும் உருகிப்போன மெழுகால் வந்தவை.

வாசலைத் தாண்டினால் மரநிழலில் கருங்கல் சிற்பங்கள். உள்ளே 2009-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். சென்னை இயக்கம் என்று இன்று அழைக்கப்படும் எல்லோரையும் ஒரே கூரையில் பார்க்கலாம். ஜானகிராமன் உலோகத் தகட்டைத் தட்டிச் செய்த உருவங்கள். அவற்றுக்கு முன்பக்கம் மட்டும்தான், கோயில் கவசத்தைப் போல. பணிக்கரின் மகன் நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களும் அந்த வழியில் போனவை. பழங்குடிக் கலையிலிருந்து தன் உருவங்களை எடுத்த சுல்தான் அலி. வாசுதேவ், சேனாதிபதி, ஹரிதாசன், இங்கிருந்து பாரிஸ் போய்விட்ட விஸ்வநாதன்.

"பொண்ணுங்களே இல்லையா?" என்று சிதம்பரம் கேட்டாள். குறைவுதான். அர்னவாஸ் இருந்தார், இந்தக் கிராமத்தில் வாழ்ந்து வேலைசெய்த மிகச் சில பெண்களில் ஒருவர். 1988-இல் இறந்தார். பணிக்கரின் கல்லூரியில் படித்த டி.கே. பத்மினி என்று ஒருவர் கேரளத்திலிருந்து வந்தவர். பெண்களின் உடலையும் தனிமையையும் அவ்வளவு நேராக வரைந்தவர். 1969-இல், முப்பது வயதைத் தொடும் முன்பே, பிரசவத்தில் இறந்துபோனார். சிதம்பரம் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஒத்தைக் கை" என்று மட்டும் சொன்னாள்.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியத்தின் முன்னால் மூவரும் நின்றோம். 1963-இலிருந்து அவர் செய்தவை இவை. பார்த்தால் ஏதோ எழுதியிருப்பதுபோல் இருக்கும். ஜாதகக் கட்டம், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தைப்போல் வளைந்த வரிகள். கிட்டே போய்ப் படித்தால் ஒரு வார்த்தைகூட வராது. "கம்பைல் ஆகாத கோடு" என்றேன். யாரோ எழுதிவிட்டுப் போன பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்து பார்க்கும் உணர்வு. அர்த்தம் இருக்கிறது என்று தெரியும். நமக்குச் சொல்ல மறுக்கிறது என்றும் தெரியும்.

"வெளிய ஒரு கிரவுண்டு இப்ப என்ன விலை போகும் தெரியுமா?" என்றான் போடி திடீரென்று. "இவங்க அன்னிக்கு வாங்கினப்ப இது வெறும் மணல். எவனாவது ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட, என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, உன்கிட்ட எவ்வளவு இருக்குன்னு கேட்டிருக்கணும்ல? இல்லாட்டி எப்படி வாங்க முடியும்?"

*

கே. ராமானுஜத்தின் கோட்டோவியங்கள் முன்னால் வந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது.

ராமானுஜத்துக்குப் பேச்சு சரியாக வராது. வெளியுலகத்தோடு ஒட்டிப்போக முடியாதவர். பணிக்கர்தான் அவருடைய கையில் இருந்ததைக் கண்டுகொண்டு, கூடவே சோழமண்டலத்துக்குக் கொண்டுவந்தார். இங்கே நண்பர்களுக்கு நடுவில் வாழ்ந்தார். மையினால் அவர் வரைந்த உலகம் அற்புதமானது. கனவில் வரும் மாளிகைகள், மண்டபங்கள், படிக்கட்டுகள், பாம்புகள், தேவதைகள், நடுவில் எங்கோ தொப்பி போட்ட ஒரு ஆள். அது அவரேதான். இடைவெளியே இல்லாமல் கோடுகள் நிரம்பியிருக்கும். 1973-இல், முப்பதுகளின் தொடக்கத்தில், இதே கிராமத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இதை நான் சொல்லி முடித்தேன். சிதம்பரம் "இவ்வளவு பேர் சுத்தி இருந்துமா?" என்று கேட்டாள்.

போடி ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"என்னை டிசம்பர்லயே தூக்கிட்டாங்கடா."

எங்களுக்கு முதலில் புரியவில்லை.

"பதினஞ்சு நிமிஷ கால். எச்.ஆர். ஒரு பொண்ணு, பாவம், அதுக்கே குரல் நடுங்குது. அன்னிக்கே லேப்டாப்பை வாங்கிக்கிட்டாங்க. வீட்ல சொல்லலை. தினம் காலையில எட்டரைக்குக் காலி பேக்கை மாட்டிட்டுக் கிளம்புறேன். மியூசியத்துக்குப் போவேன். ஏசி இருக்கு, யாரும் எழுந்திரிக்கச் சொல்ல மாட்டாங்க. வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு. அன்னிக்குப் பக்கத்துல கன்னிமாரா லைப்ரரி. சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க பயப்படுற மாதிரி எல்லாம் எனக்கு எதுவும் இல்ல. ஆனா எவன்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு. அதான் கூட்டிட்டு வந்தேன். காலையிலேயே சொல்லலாம்னு பார்த்தேன், முடியலை."

இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் நான் அந்த குரூப்பில் என்னென்ன அனுப்பினேன் என்று யோசித்தேன். வேலைநீக்கத்தைப் பற்றி இரண்டு மீம்ஸ் அனுப்பியிருந்தேன். இரண்டுக்கும் அவன் சிரிக்கும் ஸ்மைலி போட்டிருந்தான்.

"அய்யோ", "ஏன்டா சொல்லலை", "எல்லாம் சரியாயிடும்" என்று எனக்குள் வரிசையாக வந்த வார்த்தைகளை எல்லாம் விட்டுவிட்டு, சிதம்பரம் ஒன்றைக் கேட்டாள்.

"கையில எவ்வளவு இருக்கு?"

*

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். போடி சொன்னான். சேமிப்பு இவ்வளவு. வீட்டுக் கடன் தவணை இவ்வளவு. மகளின் பள்ளிக் கட்டணம் இவ்வளவு, ஜூனில் கட்ட வேண்டும். அப்பாவின் மருந்துக்கு மாதம் இவ்வளவு. ஒவ்வொரு எண்ணையும் சொல்லும்போது அவன் டீ கிளாஸைத்தான் பார்த்தான்.

பிறகு சிதம்பரம் தன்னுடையதைச் சொன்னாள். அவள் நகைகளில் பாதி ஒரு வருடமாக அடகில் இருப்பது எங்களுக்குத் தெரியாது. பிறகு நான். கம்பெனி மாறியபோது என் சம்பளம் பெரிதாக ஏறியதாக இவர்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்படி நினைக்க விட்டிருந்தேன். உண்மையில் ஏறவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக, ஒருவர் சம்பளம் மற்றவருக்குத் தெரிந்தது. ஒருவருடைய காதல் தோல்வி, குடும்பச் சண்டை, மாமியார் பிரச்சினை எல்லாம் எங்களுக்குத் தெரியும். பணம் மட்டும் தெரியாது. நம் வேலையில் அப்படித்தான் பழக்குகிறார்கள். ஆஃபர் லெட்டரிலேயே ரகசியம் என்று எழுதியிருக்கும்.

சோழமண்டலத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பாணியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கோட்டின் முதன்மை, மேற்கைப் பார்த்து வரைவதிலிருந்து விடுபட்டு இங்குள்ள மரபிலிருந்து நவீனத்தைக் கண்டெடுத்தது, எல்லாம் உண்மை. ஆனால் அந்த டீக்கடையில் எனக்குத் தோன்றியது, அதற்கெல்லாம் அடியில் ஒரு கணக்கு நோட்டு இருந்திருக்கிறது என்பதுதான். முப்பது சொச்சம் இளைஞர்கள் தங்களுக்குள் வறுமையை மறைக்காமல் பேசியிருக்கிறார்கள். யார் எத்தனை துணி போட்டார்கள், எது விற்றது, எவ்வளவு பங்கு, இன்னும் எவ்வளவு வேண்டும். பணிக்கரின் பெரிய காரியங்களில் ஒன்றாக அதையும் சொல்ல வேண்டும். வேலை கிடைக்காததை ஒவ்வொருவரின் தனிப்பட்ட அவமானமாக விட்டுவிடாமல், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து தீர்க்கக்கூடிய ஒரு கணக்காக மாற்றினார். 1967-இல் ஓய்வுபெற்றபின் அவரும் அங்கேயே வந்து, 1977-இல் இறக்கும்வரை அந்த மாணவர்களுக்கு நடுவில்தான் வாழ்ந்தார்.

ராமானுஜத்தை அதனால் காப்பாற்ற முடியவில்லை. அதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். சுற்றி நண்பர்கள் இருந்தும் ஒருவர் எட்டாத தூரத்தில் இருக்க முடியும். ஆனால் அவர் சில வருடங்களாவது ஒரு கூரையின் கீழே, தன் வரைதலை மதிப்பவர்கள் நடுவே இருந்ததால்தான் அந்த மாளிகைகள் இன்று சுவரில் இருக்கின்றன. இரண்டும் உண்மை. ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை.

சிதம்பரம் ஃபோனை எடுத்து ஒரு எக்செல் ஷீட் திறந்தாள். மூன்று வரிசை. வரவு, செலவு, கடன், அவசரத்துக்கு யாரிடம் எவ்வளவு எடுக்கலாம். ஜூன் ஃபீஸுக்கு எதிரே என் பெயரைப் போட்டாள். போடி வேண்டாம் என்றான். "நீ சும்மா இரு" என்றாள். ஃபைலுக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டபோது போடிதான் சொன்னான்: "பாட்டிக்."

அன்றிரவு வீட்டில் சொல்லிவிட்டதாகப் பதினோரு மணிக்கு மெசேஜ் வந்தது. "அழுதா. அப்புறம் தோசை ஊத்தினா. மியூசியத்துக்கு நானும் வர்றேங்கிறா." மே மாதம் அவனுக்குப் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக ஒரு வேலை கிடைத்தது. எவ்வளவு குறைவு என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த ஷீட் இன்னும் இருக்கிறது. மாதம் பிறந்தால் மூவரும் அவரவர் வரிசையை நிரப்புகிறோம். போன மாதம் நான் மறந்துவிட்டேன். மூன்றாம் தேதி போடி ஃபோன் செய்தான். ஸ்டிக்கர் அனுப்பவில்லை, மெசேஜும் அனுப்பவில்லை. ஃபோனே செய்தான். "என்னடா, உன் வரிசை காலியா இருக்கு? எல்லாம் சரியாத்தானே இருக்க?"